இரண்டாவது பூட்டு

உப்பளக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு பூட்டு வேண்டாம், ஒன்றே போதும் என்று கைதூக்கித் தீர்மானித்த அந்தப் பங்குனி ஞாயிற்றுக்கிழமை, ஆதரித்துத் தூக்கிய தொண்ணூற்றுநான்கு கைகளும் எண்ணி முடித்தவுடன் இறங்கின; எதிர்த்துத் தூக்கிய இருபத்துமூன்று கைகள் இறங்கவில்லை. முதலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோற்றவர்கள் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நிற்பது எல்லாச் சங்கத்திலும் உள்ளதுதான் என்று நினைத்த தலைவர் மாடக்கண்ணு, தீர்மானப் புத்தகத்தை மூடி, பேனாவைச் சட்டைப்பையில் குத்தி, கூட்டம் முடிந்தது என்று அறிவித்தார். அந்த இருபத்துமூன்றில் இருபத்திரண்டு தெற்கு வரிசைக்காரர்களின் கைகள். இருபத்துமூன்றாவது அவர் மனைவி ரோசம்மாளின் கை. அதையும் அவர் ஒரு விரலை மடக்கித்தான் எண்ணினார். எண்ணும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மாடக்கண்ணுக்கு எழுபத்தோரு வயது. மூன்று முறை சிறைக்குப் போனவர். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோக, மிச்சப் படிப்பை எல்லாம் துண்டுப்பிரசுரங்களில் படித்தவர். பெரும்பான்மை என்ற சொல்லை அவர் முதன்முதலாக வாசித்தது பொட்டுக்கடலை மடித்து வந்த ஒரு மஞ்சள் தாளில். அன்றிலிருந்து அந்தச் சொல்லைச் சாமியைப் போல வைத்திருந்தார். முதலாளிக்கு நிலம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். நம்மிடம் இருப்பது எண்ணிக்கை ஒன்றுதான், அதையும் எண்ணிக் காட்டாவிட்டால் நாம் யார் என்று நாற்பத்தேழு வருடமாக வரப்புக்கு வரப்பு நின்று கேட்டவர் அவர். கேட்டுக் கேட்டு உப்புக் காற்றில் தொண்டை தேய்ந்துபோனதே தவிர, அவர் கேள்வி தேயவில்லை.

இரண்டு பூட்டு வந்ததும் அவர் காலத்தில்தான். பெரிய வேலைநிறுத்தத்தின்போது, கரிசல் காட்டிலிருந்து பிழைக்க வந்த வடக்கு வரிசைக்காரர்களும், படகை இழந்து கரையேறிய தெற்கு வரிசைக்காரர்களும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. இவன் முதலில் வேலைக்குத் திரும்பிவிடுவான் என்று அவனும், அவன் திரும்பிவிடுவான் என்று இவனும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. யாரும் யாருடைய தண்ணீரையும் அடைக்க முடியாதபடி, தொட்டியின் வால்வுக்கு மேலே இரும்புப் பெட்டி வைத்து, இரண்டு நாதாங்கியில் இரண்டு பூட்டுப் போட்டார்கள். வடக்கின் சாவி மாடக்கண்ணுவிடம், தெற்கின் சாவி தொம்மையிடம். இரண்டு சாவியும் வந்தால்தான் தண்ணீர். வேலைநிறுத்தம் ஜெயித்தது. பூட்டுகள் அப்படியே நின்றுவிட்டன.

நின்றுபோனதில் கஷ்டம் இல்லாமல் இல்லை. திருவிழா ஒலிபெருக்கி யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற சண்டையில் ஒருமுறை தெற்குச் சாவி மூன்று நாள் வரவில்லை, வடக்கு வரிசையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி உப்புக் கரித்த தண்ணீரைக் குடித்துச் சுருண்டு விழுந்தாள். அதன்பிறகுதான் மாடக்கண்ணு நாலு பக்கத்தில் பிரசுரம் எழுதினார். பலருடைய தாகத்துக்குச் சிலர் சாவி வைத்திருப்பது ஜனநாயகம் அல்ல என்ற வரியை எழுதிவிட்டு, அது நன்றாக வந்திருக்கிறது என்று அவரே அதை இரண்டு முறை வாசித்துக்கொண்டார். ரோசம்மாளுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவள் தொம்மையின் மகள்.

தீர்மானம் நிறைவேறிய அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டே ஒரு கையால் சோறு வடித்தாள்.

"கையை இறக்கு, ரோசு. கூட்டம் முடிஞ்சு நாலு மணி நேரமாச்சு."

"நானா வச்சிருக்கேன்? நீங்க எண்ணுனீங்க. எண்ணுனது அப்படியே நிக்குது."

அவள் மேலும் ஏதோ சொல்லக் காத்திருந்ததுபோல அவருக்குத் தோன்றியது. ஆனால் தோற்ற தரப்பிடம் காரணம் கேட்கும் வழக்கம் எந்தச் சங்கத்திலும் இல்லை.

விடிந்தும் கைகள் இறங்கவில்லை, அந்த வாரமும் இறங்கவில்லை, சித்திரை பிறந்தும் இறங்கவில்லை. மனிதர்கள் எதற்குத்தான் பழகுவதில்லை, இதற்கும் பழகினார்கள். தெற்கு வரிசைக்காரர்கள் ஒற்றைக் கையால் உப்பு வாரக் கற்றுக்கொண்டார்கள், வாரு பலகையின் காம்பை அக்குளில் இடுக்கி இடுப்பால் இழுத்தார்கள். தையல்காரர் அருமைநாயகம் தோளிலிருந்து இடுப்புவரை பொத்தான் வைத்த சட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் குறையில்லை, நரம்பில் குறையில்லை, மனசில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, அவர்கள் சொல்லத் தொடங்குவதற்குள் தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அவர்களைப் பார்த்ததும், ஏற்கெனவே கம்பியைப் பிடித்தாயிற்றே, உட்கார இடம் எதற்கு என்று சொல்லிவிட்டு, அந்த நகைச்சுவையைத் தினமும் புதிதாகச் சொன்னார். மாதா கோயிலில் எல்லாரும் கையுயர்த்திப் பாட்டுப் பாடும்போது மட்டும் அவர்கள் எல்லாரையும் போலத் தெரிந்தார்கள். அளத்துப் பறவைகள் உயர்ந்த கைகளில் வந்து உட்கார்ந்து, விரட்டினாலும் போகாமல், அங்கிருந்தே மீனைப் பார்த்தன.

சங்கத்துக்குத்தான் ஒரு சிக்கல் வந்தது. அடுத்த கூட்டத்தில், தண்ணீர் முதலில் வடக்கு வரிசைக்கு, மிஞ்சியது பிற்பகலில் தெற்குக்கு என்ற தீர்மானம் வந்தபோது, ஆதரிப்போர் கைதூக்கலாம் என்றதும் அந்தக் கைகளும் மேலே இருந்தன, எதிர்ப்போர் கைதூக்கலாம் என்றதும் அதே கைகள் அதே இடத்தில் இருந்தன. இரண்டு பக்கமும் எண்ண முடியாது. மாடக்கண்ணு தலையைச் சொறிந்து யோசித்து, தானாக உயர்ந்து நிற்கும் கை செல்லாத கை என்று விதி எழுதினார். அன்றிலிருந்து எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனதாக என்று எழுதும்போது அவருக்கு முன்பெல்லாம் உடம்பு சிலிர்க்கும். இப்போது சிலிர்க்கவில்லை. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

வைகாசியில் தொம்மை செத்துப்போனார். தொண்ணூறு தொட்ட அந்த மனிதர் கட்டிலில் ஒரு கையை உயர்த்தியபடியே கிடந்து, கேள்வி கேட்க நினைத்து முறை வராத ஆளைப்போல முகட்டைப் பார்த்தபடியே அடங்கினார். சவப்பெட்டியை மூட முடியவில்லை. ஆசாரி மூடியில் துளை போட்டு, அதற்கு மேலே புகைபோக்கிபோல ஒரு கூடு அடித்துத் தந்தார். கடலோரக் கல்லறையில் எவ்வளவு தோண்டியும் ஊற்று வந்துவிட்டதால் குழி ஆழமாகவில்லை. மண்ணை மூடி நாலு நாள் காற்று அடித்ததும் கூடு சாய்ந்து விழ, தொம்மையின் நான்கு விரல்கள் மணலுக்கு மேலே தெரிந்தன. அளத்துக்குப் போகிற வடக்கு வரிசைக்காரர்கள் செருப்பைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் அங்கே ஒரு வளைந்த பாதை விழுந்துவிட்டது, பிறகு செருப்பைக் கழற்றுவதும் நின்றது.

அடக்கம் முடிந்து மண் தட்டும்போது தொம்மையின் மகன் இஞ்ஞாசி, தன் தூக்கிய கையின் நிழலில் நின்றபடி, மாடக்கண்ணுவிடம் சத்தமில்லாமல் சொன்னான்.

"அத்தான், இன்னைக்குத் தோத்தவன் நாளைக்கு ஜெயிக்கலாம்னாதான் அது ஓட்டு. எங்களுக்கு நாளைன்னு ஒண்ணு இருக்கா? அப்பா போனபிறகு அக்காவையும் சேத்து நாங்க இருபத்திரண்டு. எத்தனை தடவை எண்ணுனாலும் இருபத்திரண்டு. பொறப்பை எண்ணிப் பாத்துட்டு அதுக்குத் தீர்மானம்னு பேரு வச்சிருக்கிய."

மாடக்கண்ணுக்குப் பதில் தெரியும். எண்ணிக்கைக்குத் தலைவணங்காதவன் முதலாளிக்குத்தான் தலைவணங்குவான் என்ற பதில், பதினோராம் பிரசுரம், இரண்டாம் பக்கம். அதை உள்ளேயே மடித்து வைத்துக்கொண்டு, கையில் ஒட்டிய மணலைத் தட்டினார். வீட்டுக்குத் திரும்ப ரோசம்மாளைத் தேடினார். அவள் தம்பி வீட்டு வாசலில் பிற்பகல் தண்ணீருக்கு வரிசையில் வைத்த குடங்களோடு ஒரு குடமாகத் தன் குடத்தையும் வைத்துக்கொண்டிருந்தாள். தலைவர் பெண்டாட்டிக்குக் காலைத் தண்ணீர் உண்டு என்று யாரோ சொல்ல, இந்தக் கை செல்லாதாம், செல்லாத கை எந்த வரிசையில் நிற்குமோ அந்த வரிசையில் நிற்கிறேன் என்று அவள் சொன்னாளாம். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவாள் என்ற நிச்சயம் இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பார்.

அதன்பிறகு அவர் வீட்டில் ஒரு டம்ளர்தான் நனைந்தது. சோறு குழைந்தால் கஞ்சியாகக் குடித்தார், வேகாவிட்டால் வேகவில்லை என்று சொல்ல ஆள் தேடி, இல்லாமல், அப்படியே தின்றார். சாயங்காலங்களில் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய பிரசுரங்களைப் பரப்பி உட்கார்ந்தார். பெட்டியின் அடியில் தெற்கு வரிசையின் பழைய பூட்டும் சாவியும், அவருடைய நாலு பக்கப் பிரசுரத்தில் சுற்றியபடி, வெற்றியின் நினைவாக இருந்தன. அதை மட்டும் அவர் பிரிக்கவில்லை.

ஆனி மாதம் தொட்டியை நிரப்பும் லாரித் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள் ஆனது. காலையில் திறந்தால் வடக்கு வரிசையின் கடைசி வீட்டுக்கே நூலாகத்தான் வந்தது, தெற்கில் சொட்டைத் துணியில் பிடித்துப் பிழிந்தார்கள். அப்போது சிவனணைஞ்சான் எழுந்தான். நாற்பது வயது, நல்ல பேச்சாளி, மாடக்கண்ணுவின் பிரசுரங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள். கை செல்லாதவர் உறுப்பினர் அல்லர், உறுப்பினர் அல்லாதவருக்குச் சங்கத் தொட்டியில் தண்ணீர் கிடையாது, தெற்குக் குழாயை அடைத்துவிடலாம் என்று தீர்மானம் படித்தான். முடிவில் குரலை உயர்த்தி, பலருடைய தாகத்துக்குச் சிலர் சாவி வைத்திருப்பது ஜனநாயகம் அல்ல என்றான். கைதட்டினார்கள். மாடக்கண்ணு தன் பிள்ளை அடுத்த தெருவில் திருடியதாகக் கேள்விப்பட்ட தகப்பனைப்போல உட்கார்ந்திருந்தார்.

ஆதரிப்போர் என்றார். தொண்ணூற்றுமூன்று. ஒவ்வொன்றாக, விரல் மடக்கி, தப்பில்லாமல் எண்ணினார். எதிர்ப்போர் என்றார். கொட்டகைக்குள் ஒரு கையும் எழவில்லை. கொட்டகைக்கு வெளியே தெற்கு வரிசைக்காரர்கள் வெயிலில், செல்லாத கைகளோடு, மரங்களை வெட்டிவிட்டுப் போன தோப்பில் தப்பி நிற்கும் கிளைகளைப்போல நின்றார்கள். நாற்பத்தேழு வருடத்தில் அவர் ஒருபோதும் தனியாகக் கைதூக்கியதில்லை. தனியாக நிற்பது எவ்வளவு பெரிய வெட்டவெளி என்று கையை உயர்த்திய பிறகுதான் தெரிந்தது.

"ஒண்ணு," என்று தன்னையே எண்ணிச் சொன்னார்.

தீர்மானத்தை எழுத வலது கையைக் கொண்டுவரப் பார்த்தார், வரவில்லை. சிவனணைஞ்சான் பணிவாகவே வந்து, அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, மற்றதை எல்லாம் எழுதினான்.

வீட்டுக்கு வந்தபோது கை வாசல் நிலையில் இடித்தது. குனிந்து நுழைந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் குனிந்துதான் நுழைந்தார். யாருக்கும் குனியாத மனிதர் சொந்த வீட்டுக்குக் குனிவதைப் பார்க்க எதிர்வீட்டில் ஆட்கள் கூடினார்கள். அருமைநாயகம் பொத்தான் சட்டைக்கு அளவெடுக்கும்போது, "உங்களுக்குமா அண்ணாச்சி? முன்னெல்லாம் பேசிட்டுக் கையைத் தூக்குவீங்க, இப்ப பேசாமலே தூக்கிட்டீங்க," என்றார். வேறு யாரும் அவ்வளவுகூடப் பேசவில்லை.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில், அளம் முடிந்து குடியிருப்பே படுத்துக் கிடந்த நேரம், அவர் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, பூட்டையும் சாவியையும் மடியில் கட்டிக்கொண்டு தொட்டிக்குப் போனார். இரண்டாவது நாதாங்கி துருவேறித் தூக்கிக்கொண்டு நின்றது. அதை அழுத்திப் பிடிக்க ஒரு கை வேண்டும், பூட்டை மாட்ட ஒரு கை வேண்டும். பல்லால் கடித்துப் பார்த்தார், முழங்காலால் அழுத்திப் பார்த்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். அப்படியே நடந்து தெற்கு வரிசைக்குப் போய், இஞ்ஞாசி வீட்டு வாசலில் நின்றார். ரோசம்மாள் வந்தாள்.

"ஒரு கை வேணும்," என்றார்.

"என்கிட்ட ஒரு கைதான் இருக்கு."

"அது போதும்."

அவள் நாதாங்கியை அழுத்தினாள். அவர் பூட்டை மாட்டித் திருகினார். சாவியை நீட்டினார். எங்கப்பா சாவி என்று சொல்லி அவள் அதை முந்தியில் முடிந்துகொண்டாள். இருவரும் நல்ல வெயிலில் ஒரே மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் நின்றார்கள். தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றியிருக்கும். பிறகு அவள் தெற்கே போனாள், அவர் வடக்கே வந்தார். அவள் கூடவே வருவாள் என்று அவர் நினைத்தது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் இரண்டு பூட்டைப் பார்த்த வடக்கு வரிசை கொதித்தது. சிவனணைஞ்சான் கடப்பாரையோடு வந்தான். பூட்டின்மேல் போடுவதற்காக அதைத் தலைக்கு மேலே ஓங்கப் போனவன், பாதியில் நின்றான். ஓங்கிய கை இறங்காமல் போனால்? கடப்பாரையோடு எத்தனை வருடம் நடப்பது? பக்கத்தில் இருந்தவனிடம் நீட்டினான், அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கடப்பாரை தொண்ணூற்றுமூன்று பேரையும் சுற்றிவந்து கடைசியில் தொட்டிமேல் சாய்ந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் இருக்க, வெளியே இரண்டு வரிசையும் இரண்டு நாள் நாக்கு உலர்ந்து கிடந்தன. மூன்றாம் நாள் வடக்கிலிருந்து நாலு பெண்கள் இஞ்ஞாசி வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்தி, "திறக்கணும். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க," என்றாள்.

இஞ்ஞாசி வாயைத் திறப்பதற்குள் அவன் கை இறங்கி, அக்காவிடம் சாவிக்காக நீண்டது. அது இறங்கியதை அவனே அப்புறம்தான் பார்த்தான்.

இப்படிக் கேட்டால் இறங்குகிறது என்று தெரிந்ததும், இது ஒரு வேலையாக நடந்தது. தெற்கில் ஒவ்வொருவரையும் வடக்கிலிருந்து ஒருவர் போய்க் கேட்க வேண்டியிருந்தது. ஒப்புக்குக் கேட்டால் இறங்கவில்லை, சொல்வதை உட்கார்ந்து கேட்டால் இறங்கியது. சிலர் இரண்டு மணி நேரம் சொன்னார்கள், சிலர் அழுதார்கள், ஒரு கிழவி ஒன்றுமில்லை, போ என்று சொல்லிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். யாரோ ஒருவர் கல்லறைக்கே போய், பெரியவரே உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் மணலில் விரல்கள் இல்லை. காற்றில் மணல் ஏறியிருக்கும் என்றார் ஆசாரி.

இரண்டு பூட்டோடு பழைய தொல்லைகளும் வந்தன. ஒருநாள் இஞ்ஞாசி எதற்கோ கோபித்துக்கொண்டு மத்தியானம்வரை சாவியைத் தரவில்லை. வடக்கில் அவன் பரம்பரையையே திட்டினார்கள், திட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். காத்திருப்பதும் ஒரு தீர்மானம்தான் என்று மாடக்கண்ணுக்குத் தோன்றியது. அதைப் பிரசுரமாக எழுதலாம். எழுதுகிற கை மேலே இருந்தது.

ஆம், அவர் கை மட்டும் இறங்கவில்லை. வடக்குக்கு அவர் துரோகி, தெற்குக்கு அவர் பூட்டைக் கழற்றியவர். இரண்டு பக்கமும் அவரைக் கேட்க யாருக்கும் அவசியம் இல்லை. ஆடி முழுவதும் தனியாக நடந்தார். ஒருநாள் தொட்டியடியில் ரோசம்மாள் இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பதைப் பார்த்தார். அவளை யார் கேட்டார்கள், அவள் என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் நின்றாள். "உங்களை யாரும் கேக்கலையாக்கும்?"

"கேக்கல."

"நானும் கேக்க மாட்டேன். நீங்க என்னைக் கேட்ட அன்னைக்குக் கேப்பேன்."

அதற்குப் பிறகும் அவருக்குப் பத்து நாள் ஆனது. மூன்று சிறைகளின் வாசலையும் நிமிர்ந்து கடந்த கால்கள், இஞ்ஞாசி வீட்டு வாசலுக்கு அறுபது அடி நடக்கப் பத்து நாள் எடுத்துக்கொண்டன. போன அன்று பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் முறத்தில் கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பிரசுரத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தைத் தேடித் தேடி எடுத்தார்.

"அன்னைக்கு நீ எதுக்குக் கை தூக்குன, ரோசு?"

அவள் முறத்தைத் தள்ளி வைத்து, கையைத் துடைத்து, அவர் போய்விடமாட்டார் என்று உறுதிப்படுத்திக்கொண்டவள்போல அவரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா விடியுமுன்ன அடுத்தவன் படகுல கூலிக்குக் கடலுக்குப் போயிருவாரு. சாவியைக் கொண்டுட்டு நான்தான் வருவேன், உங்களுக்கு நெனப்பிருக்கா? பதினேழு வயசு எனக்கு. வேணும்னே பிந்தி வருவேன். நீங்க உங்க சாவியைக் கையில வச்சுக்கிட்டுக் கருக்கல்ல நிப்பீங்க. திட்ட மாட்டீங்க. ரெண்டு பூட்டு இருந்ததாலதான் நீங்க எனக்காக நின்னீங்க. ஒத்தப் பூட்டா இருந்தா திறந்துட்டுப் போயிருப்பீங்க. அதைக் கழட்டணும்னு ஊரைக் கூட்டி எண்ணுனீங்களே, என்னைய ஒருவார்த்தை கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். மறந்திருந்தது அது அல்ல. அந்தக் கருக்கல்களை மறந்திருந்தார், சுத்தமாக. வேலைநிறுத்தத்தின் தேதிகளும் கோரிக்கைகளும் வரிசை எண்ணோடு நினைவிருந்தன. தெற்கிலிருந்து சாவியை ஆட்டிக்கொண்டு வரும் ஒரு பெண்ணுக்காக நின்ற ஆளை எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தார். அவள் இன்னும் சொன்னாள். அவர் எதிர்வாதம் செய்யாமல், எண்ணாமல், கடைசிவரை கேட்டார். விளக்கு ஏற்றும் நேரம் ஆனது.

"நான் உங்களைக் கேக்க வேண்டியது நிறையக் கெடக்கு," என்று அவள் எழுந்தாள். "இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு வாங்க."

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அவர் இருட்டத் தொடங்கிய தெருவில், பஸ் வராத சாலையில் பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிறவர்போல நடந்து வந்தார். தொட்டியில் இரண்டு பூட்டும் தொங்கின. வீட்டு வாசலில் வழக்கம்போலக் குனிந்தார், அப்படியும் நிலையில் கை இடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டார். இடிக்கவில்லை. நிமிர்ந்து, வெளியே வந்து, குனியாமல் மறுபடி நுழைந்து பார்த்தார். கை கொஞ்சம் இறங்கியிருந்தது, நிலைக்கும் விரல் நுனிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. திரும்பி, அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தார். ஒற்றை டம்ளர் கவிழ்ந்து கிடந்த அந்த வீட்டில் கேட்க யாரும் இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டார்.